அக்கா பெயரில் பத்தொன்பது லட்சம்

ஜனவரி 8, திங்கள்

காசோலை திரும்பி வந்துவிட்டது. முப்பத்தெட்டு வருட வியாபாரத்தில் நான் எழுதிய காசோலை எதுவும் திரும்பியதில்லை. இது அக்காவுடைய காசோலை. தொகை எழுதியது நான், கையெழுத்து மட்டும் அவள். இருபத்தெட்டாயிரம். கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். தண்டமாக ஒரு தொகையையும் பிடித்துக்கொண்டார்கள்.

நகைக்கடைக்காரர் கொடுத்த டைரி சும்மா கிடக்கிறது. பணம் சம்பந்தமாக ஏதாவது கோளாறு என்றால் தேதி போட்டு எழுதி வைப்பது என் வழக்கம். பின்னால் யாரும் பேச்சை மாற்ற முடியாது.

முதலில் கணக்கு. ஈரோட்டில் பழைய சாக்கு வியாபாரம் செய்கிறவன் நான். மஞ்சள் மண்டிக்காரர்கள் பாதிப் பேர் என்னிடம்தான் சாக்கு எடுக்கிறார்கள். யாரும் ஒரு பைசா தந்து என்னைத் தூக்கிவிடவில்லை. சம்பாதித்ததை ஒரே வங்கியில் போட்டுவிட்டுத் தூங்குகிற ஆள் இல்லை நான். வங்கி முழுகினால் ஆளுக்கு ஐந்து லட்சம் வரைதான் காப்பீடு. அதனால் ஒரு பெயரில் ஒரு வங்கியில் நாலே முக்கால் லட்சம்தான் போடுவேன். வட்டியை அவ்வப்போது காசோலை போட்டு எடுத்துவிடுவேன், ஐந்தைத் தாண்டாது. எங்கே கால் சதவீதம் கூடுகிறதோ, தவணை முடிந்ததும் பணம் அங்கே நடக்கும். வங்கிகளுக்கு நான் பெயர் சொல்வதில்லை, ரோட்டைச் சொல்வேன். மேட்டூர் ரோடு, பவானி ரோடு, பெருந்துறை ரோடு என்று.

எண்பது வயது தாண்டியவர்களுக்குச் சில வங்கிகளில் இன்னும் கொஞ்சம் கூடுதல் வட்டி. பாவாத்தாள் அக்காவுக்கு எண்பத்தொன்று. அவளுக்கு வேறு வருமானம் இல்லாததால் ஒரு படிவம் கொடுத்தால் வரியும் பிடிக்க மாட்டார்கள். ஆக, நாலு வங்கியில் அவள் பெயரில் பத்தொன்பது லட்சம். வாரிசு நான். போன் நம்பர் என்னுடையது. பாஸ்புக்கும் கார்டும் என் பீரோவில். எல்லாரும் செய்கிறதுதான் இது.

ஜனவரி 9, செவ்வாய்

கருங்கல்பாளையம் போனேன். அக்கா அங்கே லைன் வீட்டில் தனியாக இருக்கிறாள். வாடகை மூவாயிரத்து ஐந்நூறு, நான்தான் கட்டுகிறேன். மாமா போய் நாற்பத்தைந்து வருடம் ஆகிறது, பிள்ளை கிடையாது.

ஒரு ஸ்கேலைக் கோட்டுக்குக் கீழே வைத்துக் கையெழுத்துப் போடப் பழக்கினேன். 'பா' ஒரு இடத்தில், 'தாள்' ஒரு இடத்தில் போய் நிற்கிறது. இரண்டு கண்ணிலும் புரை. முன்பெல்லாம் படிவத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள். ஐந்தாம் வகுப்புப் படித்தவள். ஒரு தாளுக்கு அரை மணி நேரம் போகும். இப்போது அந்தத் தொந்தரவு இல்லை.

அறுவை சிகிச்சை செய்யலாமா என்று கேட்டாள். கேட்பது இது மூன்றாவது தடவை.

"பங்குனி மாசம் இலவச முகாம் வருதுக்கா. அதுல பண்ணிக்கலாம்."

"என்ற பேர்ல இருக்கறதுல கொஞ்சம் எடுத்தா ஆகாதா?"

தவணைக்கு முன்னால் கலைத்தால் ஒரு சதவீதம் பிடிப்பார்கள், மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் சும்மா போகும் என்று எடுத்துச் சொன்னேன். சரி என்றாள். மூன்று காசோலையில் கையெழுத்து வாங்கினேன். ஒன்று தேறும்.

பக்கத்து வீட்டு ரோஸ்லின், தையல்காரி, டீ கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றாள். என்ன வேண்டும் என்று கேட்டேன். டம்ளர் வேண்டும் என்றாள்.

ஜனவரி 17, புதன்

பொங்கல் முடிந்து கிடங்கைத் திறந்தேன். எலி இருபது சாக்கைக் கடித்து வைத்திருக்கிறது.

பவானி ரோடு வங்கி 444 நாள் திட்டத்துக்கு வட்டியைக் கால் சதவீதம் ஏற்றியிருக்கிறது. மேட்டூர் ரோட்டில் அக்கா பெயரில் இருப்பதை அங்கே நடத்த வேண்டும்.

ராத்திரி சாப்பிடும்போது சௌந்தரம் கேட்டாள்: "அக்கா பேர்ல இருக்கறதுல எதுங்க மொதல்ல முடியுது?"

என் மனைவி முன்பு என் கடைக் கணக்கை எழுதினவள்தான், ஆனால் முப்பத்தாறு வருடத்தில் வங்கி விஷயம் கேட்பது அபூர்வம். சந்தோஷமாக விளக்கினேன். மேட்டூர் ரோடு, பிப்ரவரி இரண்டாம் தேதி. தேதிக்கு முன்னால் எடுத்தால் நஷ்டம், அன்றைக்கு எடுத்தால் ஒரு பைசா நஷ்டம் இல்லை. கவனமாகக் கேட்டுக்கொண்டாள். இன்னொரு தோசை வைத்தாள்.

ஜனவரி 24, புதன்

ஆந்திராவிலிருந்து ஒரு லோடு. நனைந்த சாக்கை நடுவில் வைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறான். கட்டுக்குள் கையை விட்டதும் தெரிந்துவிட்டது. எடையில் நாற்பது கிலோ கழித்தேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

மேட்டூர் ரோடு தவணை இன்று முடிகிறது. முடிந்ததும் போனுக்குச் செய்தி வரும். வரவில்லை. டவர் கோளாறாக இருக்கும்.

பிப்ரவரி 5, திங்கள்

டவர் கோளாறு இல்லை.

பத்து மணிக்கெல்லாம் மேட்டூர் ரோடு போய்விட்டேன். மேலாளர் பிரதீபா என்று ஒரு சின்னப் பெண். கணக்கில் போன் நம்பர் மாற்றப்பட்டிருக்கிறது என்று மட்டும் சொன்னாள். யார் மாற்றினார்கள் என்றால், கணக்கு யாருடையதோ அவர்களே நேரில் வந்து மாற்றியதாம். பணம் இருக்கிறதா, போய்விட்டதா என்றதற்கு, அதைக் கணக்கு உள்ளவரிடம்தான் சொல்ல முடியும் என்றாள்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும் சார்?"

"கூடப் பொறந்த தம்பி. வாரிசாப் போட்டிருக்கறது என்னையத்தான். பாருங்க."

"வாரிசுன்னா அவங்களுக்கு அப்புறம் சார். அவங்க நல்லாத்தான் இருக்காங்க. போன வாரம்கூட அந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தாங்க."

கண் தெரியாத கிழவி, ஐந்து கிலோமீட்டர் தள்ளி, தனியாக எப்படி வந்தாள்? யார் கூட்டிவந்தது? கேட்டேன். அந்தப் பெண் கணினியைப் பார்த்துக்கொண்டு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றாள்.

பிப்ரவரி 6, செவ்வாய்

மற்ற மூன்று வங்கியும் ஏறி இறங்கினேன். மூன்றிலும் நம்பர் மாற்றியாகிவிட்டது. திட்டம் போட்டுச் செய்திருக்கிறார்கள். இது அக்கா மூளை இல்லை.

கருங்கல்பாளையத்தில் ரோஸ்லின் வீட்டில் புதுத் தையல் மெஷின் நிற்கிறது. மோட்டார் வைத்தது. இருபதாயிரம் இருக்கும். எப்போது வாங்கியது, காசு ஏது என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"மகளிர் குழுக் கடனுங்கண்ணா. பாஸ்புக்கு எடுத்துட்டு வரட்டுங்களா? அடுத்தவங்க பாஸ்புக்குன்னா உங்களுக்கு நெம்பப் புடிக்குமாமே."

அந்த வாய்க்கு எங்கிருந்தோ தைரியம் வந்திருக்கிறது. அக்கா உள்ளே படுத்திருந்தாள், தலைவலி என்றாள். நம்பர் மாற்றியதைக் கேட்டேன். "பேங்க்குல கேட்டாங்க, குடுத்தேன்" என்றாள். யாருடைய நம்பர் என்றேன். "என்றதுதான்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் உட்கார்ந்து மேலாளருக்குப் புகார் எழுதினேன். எண்பத்தொரு வயது மூதாட்டியை யாரோ ஏமாற்றிப் பணத்தை எடுக்கப் பார்க்கிறார்கள், விசாரித்து முடியும்வரை பணப் பரிமாற்றத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்று. நாலு கணக்கின் விவரத்தையும் போட்டு, நாலு வங்கிக்கும் நகல். பதிவுத் தபால்.

பிப்ரவரி 7, புதன்

சௌந்தரம் கோயம்புத்தூர் போயிருக்கிறாள். தங்கை வீட்டில் ஏதோ விசேஷமாம். ஞாயிற்றுக்கிழமை வருவாள். ரசம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், உப்பு இல்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

இரண்டு நாளாகக் கருங்கல்பாளையத்து டீக்கடையில் உட்கார்ந்து அக்கா வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு டீ. வீடு பூட்டியிருக்கிறது. அக்கா சிவகிரிப் பக்கம் கோயிலுக்குப் போயிருப்பதாக ரோஸ்லின் சொல்கிறாள். எப்போது வருவாள் என்றால் ஞாயிற்றுக்கிழமை என்கிறாள். கண் தெரியாதவள் கோயிலில் நாலு நாள் என்ன பார்ப்பாள்?

ரோஸ்லின் துணி கொடுக்கப் போகும்போது பின்னாலேயே இரண்டு தெரு போனேன். ஒரு வீட்டில் ஜாக்கெட் கொடுத்தாள், ஒரு வீட்டில் பாவாடை. மூன்றாவது தெருவில் திரும்பி நின்று, "அளவு குடுக்கோணுங்களாண்ணா?" என்றாள். தெருவில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

சௌந்தரத்துக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. இரவு அவளே கூப்பிட்டாள். பின்னால் மைக்கில் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். கல்யாண மண்டபத்தில் பந்திக்கு டோக்கன் கொடுக்கிறார்களாம். கோயம்புத்தூர்க்காரர்கள் இதையும் ஆரம்பித்துவிட்டார்கள் போல.

பிப்ரவரி 12, திங்கள்

சௌந்தரம் நேற்று வந்துவிட்டாள். இன்று காலை சமையலறையில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் சொட்டு விட வேண்டும், தலைக்கு ஊற்றக் கூடாது, குனியக் கூடாது. யாரிடம் என்று கேட்டேன். தங்கை மாமியாருக்கு மெட்ராஸ் கண்ணாம்.

மெட்ராஸ் கண்ணுக்குக் குனியக் கூடாதா? எனக்கு இப்போது வேறு கவலை இருக்கிறது.

பிப்ரவரி 14, புதன்

அக்கா வீட்டுக்குப் போனேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சின்னப் போன். நான் நுழைந்ததும் கண்ணாடியைக் கழற்றி என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நெம்ப நரச்சுப்போச்சேடா உனக்கு" என்றாள்.

எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு ஆனது என்று கேட்டேன். ஒரு கண் முடிந்தது, இன்னொன்று அடுத்த மாதம், இரண்டுக்கும் சேர்த்து எழுபதாயிரம் என்றாள். மேட்டூர் ரோட்டுப் பணத்தில் எடுத்தது. தவணை முடிந்த அன்றைக்கே போய் எடுத்ததால் ஒரு பைசா பிடிக்கவில்லை என்பதையும் அவளே சொன்னாள். யார் கூட்டிப்போனது என்று நான் கேட்ட மூன்று தடவையும் "ஆட்டோல போனேன்" என்றாள்.

மீதி எங்கே என்றேன். தபால் ஆபீசில் வயதானவர்களுக்கு ஒரு திட்டம் இருக்கிறதாம், அதில் போடப் போகிறாளாம். மற்ற மூன்றும் தவணை முடிய முடிய அங்கேயே போகுமாம்.

அந்தத் திட்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. என் பவானி ரோட்டைவிட வட்டி கூடத்தான். ஆனால் ஐந்து வருடம் பணத்தை முடக்கிவிடும், நடத்த முடியாது. அதனால் தொடவில்லை. இதைச் சொன்னேன்.

"அஞ்சு வருசத்துக்கு நான் எங்கடா ஓடப்போறேன்?" என்றாள்.

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. அது என் பணம் என்று சொல்லிவிட்டேன். வேர்வை சிந்திச் சாக்குத் தூக்கிச் சம்பாதித்தது, உன் பெயர் வெறும் பெயர், என்றேன். சத்தம் கூடிவிட்டது. பக்கத்து வீட்டில் தையல் மெஷின் நின்றது.

அக்கா சத்தம் போடவில்லை. "உன்ற பணம்னா பேங்க்குல வந்து சொல்லு சாமி. அந்தப் புள்ள எழுதிக்கும்."

அதற்குள் அவள் போனில் ஏதோ செய்தி வந்தது. கையைத் தள்ளி வைத்துக்கொண்டு தானே படித்தாள். உதடு அசைய, எழுத்து எழுத்தாக. பிறகு போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு டீ குடிக்கிறாயா என்று கேட்டாள்.

பிப்ரவரி 21, புதன்

ஆடிட்டரைப் பார்த்தேன். நடந்ததை வேறு ஒருவருக்கு நடந்ததுபோலச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த இன்னொருத்தர்கிட்ட வாயைத் தொறக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றார். பணம் தன்னுடையது என்று சொன்னால் அடுத்த கேள்வி, ஏன் கிழவி பெயரில் போட்டாய், இத்தனை வருடம் வரி ஏன் கட்டவில்லை. அடுத்தவர் பெயரில் வைத்த பணத்துக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது, மொத்தமும் போகும், அதற்குமேல் அபராதம். பேசாமல் இருந்தால் பத்தொன்பதோடு போகும் என்றார்.

"அவருக்கு வேற யார் பேர்லயாவது இருக்குதுங்களா?"

இல்லை என்றேன். பீஸ் வாங்க மாட்டேன் என்றார். வாங்கியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 27, செவ்வாய்

மேட்டூர் ரோட்டிலிருந்து கடிதம். என் புகாரின் பேரில் பரிமாற்றம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதாம். கணக்கு உள்ளவரையும் புகார் கொடுத்தவரையும் வைத்து நேரில் விசாரிக்க வேண்டுமாம். மார்ச் நாலு, பதினொரு மணி.

அந்தப் புகாரை எழுதின கையை என்ன செய்வது?

மார்ச் 1, வெள்ளி

கிடங்கில் வேலை ஓடவில்லை. சௌந்தரம் இரண்டு நாளாகக் கேட்காமலே காபி கொண்டுவந்து வைக்கிறாள்.

மார்ச் 4, திங்கள்

அக்கா எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவை. கூட யாரும் இல்லை.

மேலாளர் அக்கா கொடுத்த படிவங்களை மேசைமேல் பரப்பினாள். பணத்தை மாற்றுவதற்கு ஒன்று, வாரிசை மாற்றுவதற்கு ஒன்று. கையெழுத்து அக்காவுடையது, கோட்டின்மேல் நேராக நின்றது. படிவத்தை நிரப்பியது வேறு கை. அந்த எழுத்தை எனக்குத் தெரியும். பதினெட்டு வருடம் என் கடைக் கணக்கை எழுதிய எழுத்து அது. அதைப் பற்றி இங்கே ஒன்றும் எழுதப் போவதில்லை.

அந்தப் பெண் நேராக விஷயத்துக்கு வந்தாள். "சார், யாரோ ஏமாத்துறாங்கன்னு எழுதியிருக்கீங்க. யார்னு சொல்லுங்க. அப்புறம், இந்தப் பணம் எப்படி வந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா அதையும் எழுதிக்கறேன்."

நான் அக்காவைப் பார்த்தேன். அப்பாவுடைய வயல் பேச்சை எடுப்பாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது சுவரில் ஒட்டியிருந்த வட்டி விகிதப் பட்டியலை. ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அவனையே கேளுங்க அம்மிணி. கணக்கெல்லாம் அவனுக்குத்தான் தெரியும்" என்றாள்.

மின்விசிறி சுற்றியது. வெளியே டோக்கன் மெஷின் இரண்டு நம்பர் கூப்பிட்டது.

"அக்கா பணந்தான்" என்றேன்.

"முழுசுமா சார்?"

"முழுசும்."

அப்படியானால் புகாரைத் திரும்பப் பெறுவதாகக் கையால் எழுதித் தரச் சொன்னாள். நாலு வங்கிக்கும் நகல் போக வேண்டும், ஏனென்றால் புகாரை நாலுக்கும் அனுப்பியது நான்தான். எப்படி எழுதுவது என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். தேவைப்படவில்லை. அந்த வாசகம் எனக்கு மனப்பாடம். 'மேற்படி சொத்தில் எனக்கு இன்றைக்கும் இனி எக்காலத்துக்கும் எவ்விதமான உரிமையும் பாத்தியதையும் இல்லை என்று என் முழுச் சம்மதத்தின் பேரில் எழுதிக் கொடுக்கிறேன்.' எண்பத்தாறில் சிவகிரிப் பத்திர ஆபீசில் எழுத்தருக்கு நான் சொல்லச் சொல்ல எழுதிய வரி. அப்பாவின் இரண்டு ஏக்கருக்கு. அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவள் அவள். அந்த நிலம் விற்ற பணத்தில்தான் முதல் லோடு சாக்கு வாங்கினேன். வெளியே வந்ததும் அவளுக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தேன் என்று ஞாபகம்.

'சொத்தில்' என்பதை 'தொகையில்' என்று மாற்றி எழுதி, கையெழுத்துப் போட்டேன். அக்கா அந்தத் தாளை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாமலேயே மேலிருந்து கீழ்வரை படித்தாள். அரை மணி நேரம் ஆகவில்லை. இரண்டு நிமிடம்தான்.

"தேதி போடலயே" என்றாள்.

போட்டேன்.

வெளியே வந்ததும் ஆட்டோ பிடித்துத் தருகிறேன் என்றேன். பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன், இப்போது நம்பர் தெரிகிறது என்றாள். வாடகையை இனி அவளே கட்டிக்கொள்வாளாம். பஸ் ஏறும்வரை நின்றேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியில் கடைப் பெயர்களைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

பத்தொன்பது லட்சம். சாக்கில் எண்ணினால் ஒரு லட்சத்துக்கு மேல் சாக்கு வரும்.

மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். சௌந்தரம் தட்டு வைத்தாள். கத்தரிக்காய்க் குழம்பு. உப்பு சரியாக இருந்தது. இரண்டாவது தரம் சோறு போடும்போது, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, என்ற பேர்ல மொத்தம் எத்தன டெபாசிட்டு இருக்குதுங்க?"

ஒன்பது என்றேன்.

"பதினொண்ணுங்க" என்றாள்.